முந்திக் கட்டிய எண்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்கிறவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. கம்ப்யூட்டர் எண் கொடுக்கும்வரை யார் காத்திருப்பது? கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பட்டையில் எழுதி, வந்தவர் மணிக்கட்டில் முதலிலேயே கட்டிவிடுவாள். பதினோரு வருஷமாக ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று காலை, வயிற்றுவலியோடு வந்த ஒரு அம்மாவுக்கு 812 கட்டி மாடிக்கு அனுப்பினாள். அப்புறம்தான் பதிவு செய்தாள். திரையில் 813 வந்தது.

"சனியனே, 812 எங்க போச்சு?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். திட்டிய பிறகுதான் நினைவு வந்தது. பிணவறைக்கும் அன்றுமுதல் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் எண் வருவது ஒரே வரிசையிலிருந்து. 812 ஒரு பிணத்துக்குப் போயிருந்தது.

மாடியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, 812 இறந்துட்டாங்கன்னு காட்டுதே?"

"எண்ணு மாறிடுச்சும்மா. உன்கிட்ட இருக்கிறவங்க 813. பட்டையை வெட்டிடு."

"வெட்டிட்டேன்க்கா." நர்ஸின் குரல் தாழ்ந்தது. "ஆனா அதுக்குள்ள அந்தம்மா எட்டித் திரையைப் படிச்சுட்டாங்க. படிச்சதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. கை மட்டும் ஜில்லுனு ஆயிட்டே வருது."