மாஸ்க் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்

எண்பதுகளின் நடுவில், நர்ஸ் படிப்பு முடித்த கையோடு செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

காசநோய்க்காரர்கள் தினமும் ஊசி போட்டுக்கொள்ள வருவார்கள். அவர்களில் பக்கத்துக் கிராமமான சிங்கவரத்துப் பெண் ஒருவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் கூலி வேலை செய்தவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், இருமினால் உடம்பே மடங்கும். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதற்கு ஒட்டிவிடக் கூடாதே என்று, அவர் வரத் தொடங்கிய எட்டாம் நாள் வெள்ளைத் துணியை நான்காக மடித்து நாடா வைத்து இரண்டு மாஸ்க் தைத்துக் கொடுத்தேன். மேல் நாடாவை உச்சியில் முடிய வேண்டும், கீழ் நாடாவைப் பிடரியில். மூக்கு வெளியே தெரியக் கூடாது, கன்னத்தோரம் இடைவெளி இருக்கக் கூடாது. நாலு தரம் கட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். ஜனங்கள் இருக்கும் இடத்தில் கழற்றவே கூடாது என்று கண்டிப்பாகவும் சொன்னேன்.

பத்து நாள் ஒழுங்காக வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். ஐந்து நாளாகியும் ஆளைக் காணோம். ஊசியைப் பாதியில் விட்டால் நோய் பழையபடி தலைதூக்கிவிடும். 'எவ்வளவு சொன்னோம், இவ்வளவு அலட்சியமா' என்று எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார், முகத்தில் மாஸ்க்கோடு. இன்னொன்று துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தை தள்ளி, அப்பாவின் மடியில் இருந்தது.

"ஏன்க்கா வரல?" என்றேன்.

"இத்தக் கட்டினு பஸ் ஏறனேன் நர்சம்மா. பக்கத்துல குந்தினு இருந்த பொம்பள எழுந்து போய்ட்டா. இன்னா சீக்குன்னு கண்டக்டர் கேட்டாரு. சொன்னேன். எறக்கி உட்டுட்டாரு. அப்புறம் ரெண்டு நாளு நடந்தே வந்தேன். மூணாம் நாளு பாதி வழியில மயக்கமாப் பூட்சி."

"கழட்டிட்டு ஏறியிருக்கலாமேக்கா." என்னை அறியாமல் நானேதான் சொன்னேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அந்த பஸ்ல எத்தினி கொழந்தைங்க வருதுங்க! என் கொழந்தைக்கு வரக் கூடாது, அதுங்களுக்கு மட்டும் வரலாமா?"

திட்டுவதற்காக வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ! தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிங்கவரம் போனேன். நானும் ஒரு மாஸ்க் கட்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே கண்டக்டர்.

"இன்னாம்மா இது, ரெண்டு பேரா? யாருக்கு சீக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்காவே சொன்னார்: "எனக்குத்தான். உங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் கட்டினு இருக்கேன்."

நான் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று சொல்லி, மூக்கும் வாயும் மூடியிருந்தால் பயம் குறைவு, ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் நல்லது என்று விளக்கினேன். கண்டக்டர் கடைசி சீட்டு ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, "இங்க குந்துங்க" என்றார்.

ஒரு வாரம் கூடவே போய் வந்தேன். அப்புறம் அவர் தனியாகவே வந்தார். ஊசி முடிந்து, மாதக்கணக்கில் மாத்திரையும் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஒட்டவில்லை. அதன் கன்னத்தில் அவர் அழுத்தி முத்தமிட்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். சொன்னபடி செய்யாத ஒருவரைப் பார்த்துக் கோபம் வரும்போதெல்லாம், நான் சொன்னதைச் செய்ததற்காகவே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்தப் பெண் இன்றும் என் கண்முன் வந்து நிற்கிறார்.