சிவப்பு வால் எலிகளுக்கு என் தங்கச்சிதான் நடுவர்

ஆமாம், என்னை விரட்டியவர் உதவி கேட்டதும் சரி என்றுதான் சொன்னேன். காரணம் இருக்கிறது.

இன்று தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் என் பழைய பார்மசி கல்லூரி சீனியர்.

அப்போது அவருக்கு நடுக்குவாத (பார்க்கின்சன்) மருந்து ஆராய்ச்சி; நான் உதவியாள். எலியைச் சுழலும் கம்பியில் ஏற்றி, எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்ப்போம். மருந்து கொடுத்த எலிக்கு வாலில் சிவப்பு மை. அது சட்டென்று விழுந்தால், "வழுக்கிட்டுலே, திருப்பி ஏத்து" என்பார். மற்ற எலி விழுந்தால் விழுந்ததுதான்.

ஏன் என்று கேட்டேன். "உனக்குப் பொறுமை கிடையாது, வெளிய போலே" என்று எல்லோர் முன்னாலும் விரட்டினார். நான் கல்லூரியையே விட்டேன்.

இன்று அதே வாய் குழைந்தது. "எந்த எலிக்கு மருந்துன்னு தெரியாத ஆளு அப்போ எடுத்த வீடியோவப் பாத்து நேரம் குறிக்கணும்னு பத்திரிகைக்காரனுவ கட்டுரையத் திருப்பி அனுப்பிட்டானுவ. நீதான் படிப்ப விட்டவனாச்சே, உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது? குறிச்சுத் தாலே."

"லிங்க் அனுப்புங்கண்ணே."

குற்றாலம் வருவதற்குள் எல்லா வீடியோக்களும் என் போனில் இறங்கிவிட்டன. அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"சிவப்பு வால் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குண்ணே. அதனால என் தங்கச்சி பாத்து நேரம் குறிப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. விழுந்த எலிய நீங்க திருப்பித் தூக்கி வைக்கிறதும் வீடியோல தெரியும்லா?"

"ஏலே, விளையாடாத! என் பிஎச்டி அதுல இருக்கு!"

"பொறுமையா இருங்கண்ணே."

வீடு வந்ததிலிருந்து அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

தங்கச்சி முதல் வீடியோவிலேயே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் போகணும்.