ரோழேவின் சவா

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுக் காரைக்காலில் பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரார் சொல்தா என்பார்கள். ரோழேயும் ஒரு சொல்தா. பட்டாளத்தில் டாக்டர் உடம்பு எப்படி என்று கேட்டால் "சவா", அதாவது சௌக்கியம், என்றுதான் சொல்ல வேண்டும். முனகினால் கேலிதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குப் பட்டாளத்துப் பழக்கம்.

1982-ல் வாந்தியும் பேதியும் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையில் நரம்பே அகப்படவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே ஊசி குத்தி, பெரிய ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு மருந்து ஏற்றினார்கள்.

"நுரையீரல் பக்கத்துலயே இருக்கு. மூச்சு அடைச்சா உடனே சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

சாயங்காலமே அடைத்தது. ரோழே வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. மனைவி மார்த் செத்துப்போன பிறகு அவருக்கென்று மிச்சம் பிரான்சிலிருக்கும் மகள் ஷந்தால் ஒருத்திதான். அன்றைக்குத்தான் நூர் அகமது கடைப் போனுக்குக் கூப்பிடுவாள். இவர் சவா என்பார், அவளும் சவா என்பாள், அதோடு சரி. அந்த ஒரு சொல்லுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்பார். வாந்தி நின்றுவிட்டதே, காலையில் எழுந்து போய்விடலாம் என்று மனுஷர் மனக்கோட்டை கட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த கைருன்னிஸா கவனித்துவிட்டாள்.

"அண்ணே, படுக்கவே மாட்டேங்கிறீங்க. உதடெல்லாம் நீலமா இருக்கு."

"சவா" என்றார், பாதி மூச்சில்.

அவள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஊசி நுரையீரலைக் கீறி, கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்திருந்தது. கைதேர்ந்தவருக்கும் நேரக்கூடியதுதான், ரோழே அதை மூடி மறைத்ததுதான் வம்பு. விலாவில் இன்னொரு குழாய் ஏறியது. அதன் முனை கட்டிலடியில் பாட்டில் தண்ணீருக்குள். ஞாயிறு முழுக்க அது குமிழி விடுவதைப் பார்த்தபடி கிடந்தார். அவரைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. கண்ணீர் வழிந்தது, கைருன்னிஸா பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் நூர் அகமது ரிசீவரை நீட்டினார்.

"போன மாசம் வரலியே பப்பா? சவா?"

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ரோழே விலாத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"இல்லம்மா. நல்லா இல்ல. ஒண்டியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் ஷந்தால் அழுவது கேட்டது.

"எனக்கும் முடியல பப்பா" என்றாள்.