போர்மேன் கேட்ட கேள்வி

அவருடைய கையைத்தான் முதலில் பார்த்தேன். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு நான் உள்ளே நுழைந்தபோது எங்கள் போர்மேன் குழாயடியில் நின்று, சோப்புத்தூள் போட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த பிசுக்கு, லேசில் போகவில்லை. "உங்க ஆத்தா நல்ல கனம்ப்பா" என்றார், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. அந்த அம்மன் கல்லைத் தூக்கியிருக்க வேண்டியவன் நான்.

நெய்வேலிச் சுரங்கம் கம்மாபுரம் பக்கம் ஒரு சிற்றூரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஊர்க்காரர்கள் கோயில் சிலையை முறைப்படி புது இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேப்பமரத்தடியில் இருந்த பழைய அம்மன் கல்லை மட்டும் தொட ஆளில்லை. அதை நெம்பியெடுத்து லாரியில் ஏற்றும் வேலை, காலை ஷிப்டில் இருந்த என் தலையில் விழுந்தது. "தொட்டவன் வூட்ல ஒரு உசுரு போவுங்க. ஆத்தா பாத்துகினு சும்மா இருக்க மாட்டா" என்றார் அந்த ஊரைச் சேர்ந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர். என் வீட்டில் இரண்டு பிள்ளைகள். காய்ச்சல் என்று போர்மேனிடம் பொய் சொல்லி மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டேன். அவர் சாமி, சடங்கு, சகுனம் எதையும் நம்பாதவர். ஆயுதபூஜையன்று நாங்கள் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டும்போது, பொரியை மட்டும் வாங்கித் தின்றுவிட்டுப் போவார். காய்ச்சல் என்று நான் சொன்னபோது என் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கல்தானே, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மூன்றாம் மாதம் அவருடைய ஒரே மகள் டெங்குவில் இறந்துபோனாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லைத் தொட்டதால்தான் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே பேச்சு. அவர் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிக்கொண்டார்கள். பாழாய்ப்போன என் வாய் ஒருமுறையாவது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதைவிடக் கேவலம், அந்தப் பெண்ணுக்கு மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, என் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் அசையவில்லை என்றுதான் நினைத்தோம். காரியத்துக்கு ஐயர் வேண்டாம் என்றார். பத்தே நாளில் வேலைக்கு வந்தார். கொசு கடித்துப் போனாள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் அவர் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் பஸ் பிடித்து அந்த அம்மனின் புதுக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தான் பேச்சுக் கொடுத்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள் என்று போர்மேனே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அதற்குச் சில நாள் கழித்து, கேன்டீனில் டீயோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். என் காய்ச்சல் பொய் என்று அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார். கோபம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கும்புடுறவன். உனக்குத்தான் தெரியும். நான் தூக்கினதாலதான் பிள்ளை போச்சா?"

எங்கள் திருநீற்றை அத்தனை வருஷம் கேலி செய்த வாய் அது. அம்மன் உண்டு என்பதில் எனக்கு அதுவரை ஒரு துளி சந்தேகம் இருந்ததில்லை. அன்று காலைகூட அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

"சாமின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுண்ணே" என்றேன்.

நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார். ஓய்வு பெறும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

இப்போது அவர் மதுரைப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். வேப்பமரம் நின்ற இடம் ஆழமான பள்ளமாகிவிட்டது. என் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய், கல்யாணமாகி நன்றாக இருக்கிறார்கள். கேன்டீனில் நான் சொன்னது பொய்யென்றால், அவர்களுக்குப் பதிலாகப் போனவள் அந்தப் பெண். அது பொய்யாக இருந்துவிடக் கூடாது. அதனால்தான் தினமும் காலையில் குளித்து, விளக்கேற்றி, நீ இல்லாமலே இருந்துவிடு தாயே என்று அம்மனிடமே வேண்டிக்கொள்கிறேன்.