பீரங்கிச் சத்தம் கேட்டவர் வீட்டுக்கு

போன சனிக்கிழமை, அப்பாவுக்குத் தெரியாமல், எங்கள் கோட்-டெ-நெய்ஜிலிருந்து நகரின் வடகோடியில் இருக்கும் மொன்ட்ரியால்-நோர் வரை தனியாகப் போய் வந்தேன். அதே வழியில் போக வேண்டிய பெண்கள் யாராவது இருப்பீர்கள் என்றுதான், வீடு தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். விளக்கு போடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம், என் வகுப்புத் தோழி காரின். தினமும் மொன்ட்ரியால்-நோரிலிருந்துதான் பள்ளிக்கு வருகிறாள். அவள் அப்பா ஹிட்லரின் படையில் இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து பள்ளியில் அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "எங்கப்பா சுடவே இல்ல. சத்தம் மட்டும்தான் கேட்டாரு" என்பாள். என் அப்பாவோ, "கொலைகாரன் வீட்டுச் சகவாசம் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அப்பா டோர்வல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அங்கே செய்யும் பாகங்கள் அமெரிக்கப் போர் விமானங்களுக்குப் போகின்றன. டிவியில் வியட்நாம் வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவார். "நான் கணக்குதாம்மா போடறேன்" என்பார்.

கோட்-டெ-நெய்ஜ் பஸ்ஸில் கீ என்ற நிலையம் வரை. அங்கே மெட்ரோ பிடித்து, ஒருமுறை மாறி, கடைசி நிலையமான ஆன்ரி-பூராசா. பிறகு கிழக்கே போகும் பஸ். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்.

"தனியாவா போற, பாப்பா?" என்றார் டிரைவர்.

"இல்ல, பயமும் கூட வருது."

சிரித்தார். என் நிறுத்தம் வந்ததும் மறக்காமல் குரல் கொடுத்தார்.

காரினின் அப்பா ஆப்பிள் கேக் வைத்தார். போரில் ஒவ்வொரு சிப்பாயும் சட்டைப் பையில் வைத்திருந்த பணிப் புத்தகம், அதில் தன்னுடையதைக் காட்டினார். உள்ளே, அவருக்குக் கொடுத்த பூட்ஸ், தடுப்பூசி, மூக்குக்கண்ணாடி, விடுப்பு எல்லாம் பதிந்திருந்தது. பிரிவு: எதிரி பீரங்கிகளை நோட்டம் பார்க்கும் படை.

"பாரு, ஒரு சாவுகூட இதுல இல்ல."

"சொன்னேன்ல?" என்றாள் காரின்.

"சத்தம் கேட்டதும் என்ன செய்வீங்க, அங்கிள்?"

"பட்டனை அமுக்குவேன். பின்னாடி மைக் வரிசை பதிவு பண்ணும். எந்த மைக்குக்கு முதல்ல சத்தம் வந்ததுன்னு பார்த்து, எதிரி பீரங்கி எங்க இருக்குன்னு கணக்குப் போடுவாங்க."

"அப்புறம்?"

"எங்க பீரங்கி சுடும்."

"அப்புறம்?"

இன்னொரு துண்டு கேக் வெட்டினார்.

"அப்பா, அவ கேக்கறா இல்ல?" என்றாள் காரின்.

"அப்புறம் அந்தப் பக்கத்துலேருந்து சத்தம் வராது" என்று புத்தகத்தை மூடினார்.

காரின் தட்டைத் தள்ளி வைத்தாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள்.

"இனிமே நீயும் என்கூட உட்கார மாட்டே."

"போடி. பட்டனை அமுக்கினது உங்கப்பா. நீ அப்ப பொறக்கவே இல்ல. திங்கக்கிழமை எனக்கு இடம் பிடிச்சு வை."

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸிலேயே, மெட்ரோவுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் செல்லும் மாற்றுச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆன்ரி-பூராசாவில் காற்று காதை அறுக்கும், தொப்பி வேண்டும். முக்கியமாக, கேள்வியைக் கேக்குக்கு முன்னால் கேளுங்கள். வாய் நிறைந்த பிறகு கேட்பது கஷ்டம்.

காலையில் தோசை தட்டுக்கு வருவதற்கு முன் நானும் கேட்கப்போகிறேன். "கணக்குப் போட்ட அப்புறம் என்ன ஆகும்ப்பா?" இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, எங்கே போனாய் என்று அடி விழும். விழட்டும். டிவியை நிறுத்துவது போல என்னை நிறுத்த முடியாது.