பெட்டி டெக்கும் என் இரண்டு பூட்டுகளும்

என் சித்தப்பா மகளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால், அது என் டெக் மட்டும்தான். மற்றதெல்லாம் அவளுக்குத்தான் முதலில். இரண்டு பேரும் ஒரே வருடம் ஒரே காலேஜில் இன்ஜினியரிங் முடித்தோம். அவளுக்கு பெங்களூர் கம்பெனியில் வேலை, அதுவும் எங்கள் ஊர் இண்டூரில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம். நான் இன்டர்வியூவுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மற்றவர்களை இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஸ்கூட்டர். எனக்கு டவுன் பஸ். சில மாதம் மூத்தவள் என்பதால், "அக்கான்னு கூப்புடுடா" என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். செத்தாலும் கூப்பிட மாட்டேன்.

டெக் என்பது சீட்டுக்கட்டு மாதிரிதான். ஆனால் கட்டை நாமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீரனோ மிருகமோ மந்திரமோ இருக்கும். ஆயிரக்கணக்கான கார்டுகளில் அறுபதைப் பொறுக்கி, ஒன்றுக்கொன்று கைகொடுக்கிற மாதிரி அடுக்கி, எதிராளியை வீழ்த்த வேண்டும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நண்பன் ஒருவனின் செல்போன் கடை இருக்கிறது. அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஆடுவோம். கடைக்காரன், நான், ஏரியூரிலிருந்து பஸ் ஏறி வரும் இன்னொருவன். என் டெக்கை நான் காலேஜ் காலத்திலிருந்து ஒவ்வொரு கார்டாக மாற்றி மாற்றிச் சேர்த்தேன். எந்த டெக் தேறும், எது தேறாது என்று சொல்வதும் நான்தான். மாடியில் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. இன்டர்வியூவில் வாங்கும் பல்புக்கெல்லாம் அந்த ஒரு கெத்துதான் மருந்து.

சேலத்தில் மூன்று பேர் அணிகளுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். நாங்கள் சரியாக மூன்று பேர். எல்லாம் பொருந்தி வந்த அந்த வாரத்தில்தான் அவள் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு பெட்டி. கம்பெனிக்காரனே அறுபது கார்டையும் அடுக்கி, "பிரித்தவுடன் ஆடலாம்" என்று விற்கும் ரெடிமேட் டெக்.

"டேய், நானும் சேலம் வரேன்" என்றாள்.

"இத வச்சிகிட்டா?" என்றேன்.

"ஏன், இதுக்கு என்ன?"

கடைக்காரன் சிரித்தான். "ஜட்ஜு ஐயா, பெட்டியப் பிரிச்சி தீர்ப்பு சொல்லுங்க. தேறுதுன்னா யாரு போறதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

பெட்டியைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பினேன். புது அச்சு வாசனை. அதுவே எரிச்சலாக இருந்தது. என் கார்டுகளில் பாதி நாலு கை மாறி மூலை மழுங்கி வந்தவை. ஆனால் கார்டுகளைப் படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. நாலு இருக்க வேண்டிய நல்ல கார்டு ஒன்றுதான் இருந்தது. வேகமாக அடிப்பதா, இழுத்துப்பிடித்து ஆடுவதா என்று டெக்குக்கே தெரியவில்லை. பாதி அப்படி, பாதி இப்படி. பெட்டி டெக் எல்லாமே இப்படித்தான். எல்லோருக்கும் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்று செய்தது.

"மொக்க. ஒரே எலையில பிரியாணியும் தயிர் சாதமும் போட்ட மாதிரி இருக்குது" என்றேன்.

"எலையப் பாத்தே ருசி சொல்றியே, சாப்புட்டுப் பாருடா" என்றாள்.

ஆடினோம். தோற்றேன்.

கார்டு சரியாக வரவில்லை என்றேன். மறுபடி ஆடினோம். மறுபடி தோற்றேன். ஏரியூர்க்காரன் போண்டாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டே டெக்தான் இருந்தது. யாருடையது என்று பார்க்காமல் மாற்றி மாற்றித்தான் ஆடுவோம். அது அப்படியே சட்டமாகிவிட்டது. தோற்றவன் "மாத்து" என்று கேட்டால் இரண்டு பேரும் டெக்கை மாற்றிக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தது டெக்கா ஆளா என்று அதில் தெரிந்துவிடும்.

"மாத்து" என்றேன். பெட்டிக்குள் ஏதோ நான் கவனிக்காத சூட்சுமம் இருக்கிறது, அது என் கைக்கு வந்தால் அவள் காலி என்று கணக்கு.

என் டெக்கை அவள் கையில் எடுத்தாள். நீல உறை போட்ட என் கார்டுகளை அவள் விரல் கலைப்பதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. நடுவில் ஒரு கார்டைத் தூக்கிக் காட்டி, "இது எதுக்குடா? சும்மா கெடக்குது" என்றாள்.

அது பூட்டு. தோற்றுக் குப்பைக்குப் போன கார்டுகளை யாரும் திரும்ப எழுப்ப முடியாமல் தடுக்கும் கார்டு. என்னிடம் இரண்டு இருந்தன.

"உனக்குப் புரியாது. ஆடு" என்றேன்.

அந்தப் பூட்டைக் கடைசிவரை கையில் சும்மா வைத்துக்கொண்டே, என் டெக்கால் என்னை அடித்தாள். நான் வருடக்கணக்காக ஆடியும் பார்க்காத ஒரு சேர்க்கையை, எடுத்த பத்தாவது நிமிடத்தில் பார்த்துவிட்டாள். கடைக்காரன் விசில் அடித்தான். எனக்குக் காது சுட்டது.

"இப்ப சொல்லுடா. பெட்டி டெக்கு சேலத்துல நிக்குமா நிக்காதா?" என்றான் கடைக்காரன்.

நிற்கும் என்றால் அவளிடம் தோற்ற நான்தான் இடம் விட வேண்டும்; நிற்காது என்று சொல்லிவிட்டால் என் இடம் எனக்கு. அதுவும் பொய்யில்லை. ஆனால் மாற்றி ஆடியதை மூன்று பேரும் பார்த்திருந்தார்கள்.

"பெட்டி ரெண்டு ரவுண்டு நிக்கும். அதுக்கு மேல தாங்காது" என்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆனா இவ நிப்பா."

"அப்ப உன் டெக்கக் குடு" என்றாள் அவள். கொஞ்சமாவது தயங்குவாள் என்று பார்த்தேன். ம்ஹூம்.

போட்டி நாளன்று நான் இண்டூரில் மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தேன். வாட்ஸப்பில் படங்கள் வந்தன. அவள் கையில் என் நீல உறைகள். "உன் டெக்கு செம டா" என்று ஏரியூர்க்காரன் அனுப்பினான். அணி அரையிறுதியில் தோற்றது. அவள் மட்டும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த வெற்றியெல்லாம் யாருடையது? என் டெக் ஜெயித்ததே என்று நெஞ்சு நிமிர்ந்தது; அது அவள் கையில் இருந்ததே என்று உடனே சுருங்கியது. தோற்றிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் ஸ்கூட்டரில் வந்தாள். "அக்கா வந்துருக்குதுடா" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், டீயோடு. அவளுக்கு மட்டும் முறுக்கும்.

டெக்கை வாங்கியதும் சரிபார்த்தேன். அறுபது இருந்தது. ஆனால் இரண்டு கார்டு புதுசு, மூலை மழுங்காதவை. அவள் பெட்டியில் வந்த இரண்டு சாதாரணக் கார்டுகள். என் வாயால் மொக்கை என்று நான் சொன்னவை. என் பூட்டு இரண்டையும் தனியாக எடுத்து நீட்டினாள்.

"என் டெக்குல யாரக் கேட்டு கைய வச்ச?"

"அந்தப் பூட்டு எதுக்குன்னு சேலம் போற பஸ்ஸுலதான் தெரிஞ்சிது. குப்பையிலேர்ந்து எழுப்புற டெக்கு ஏரியூர்க்காரனது. அவன அடக்கத்தான வச்சிருக்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அவன் நம்ம டீமுடா."

முறுக்கைக் கடித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஏரியூர்க்காரன் குப்பையிலிருந்து ஒரு பட்டாளத்தையே எழுப்பி என்னை நசுக்கினான். ஆட்டம் முடிந்து ஆச்சரியமாகக் கேட்டான்: "பூட்டு எங்கடா காணோம்?"

"சேலத்துல தொலஞ்சிடுச்சி" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பூட்டு இரண்டும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. அவள் போட்ட இரண்டு கார்டையும் நான் இன்னும் எடுக்கவில்லை. டெக் முன்னைவிட நன்றாக ஓடுகிறது, அதுதான் காண்டு.