முதலில் வருகிறவனுக்கு அடி இல்லை

முதல் உலக யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூரில் தோல் மண்டிக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகை ஒன்றில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. ஒரே வாத்தியார். எல்லா வகுப்பும் அவர் ஒருவர் கையில்தான். மண்டியிலிருந்து பச்சைத் தோலும் உப்பும் கலந்த வாடை நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பரீட்சை வைக்க வரும் இன்ஸ்பெக்டர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே கேள்வி கேட்டுவிட்டுப் போவார். எங்களுக்கோ அது வாடையாகவே தெரியாது.

வாத்தியாரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் வீடு தேடி வந்து பார்ப்பார். என் கையெழுத்து இன்றைக்கும் நாலு பேர் பார்த்து மெச்சும்படி இருக்கிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை. அவரிடம் ஒரு சட்டம் இருந்தது, அவ்வளவுதான். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய வாத்தியாரிடமிருந்து அவருக்கு வந்தது.

காலையில் பள்ளிக்கு முதலில் வருகிறவன் கையை நீட்டினால் பிரம்பு உள்ளங்கையைச் சும்மா தொட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாவது வருகிறவனுக்கு ஓர் அடி. மூன்றாமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வருகிறவன் கை அன்றைக்குச் சோறு பிசைய உதவாது. பையன்கள் நேரத்தோடு வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஊரில் எல்லாரும் அதை மெச்சினார்கள்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. யாருக்கு முன்னால் யார் என்பதுதான் கணக்கு. ஒருவன் சூரியன் கிளம்பும்போது வந்தால் மறுநாள் இன்னொருவன் அதற்கு முன்னால் வருவான். அதற்கு அடுத்த நாள் முதலாமவன் மசூதியில் பாங்கு சொல்லும்போதே கிளம்பிவிடுவான். இப்படிப் போட்டி போட்டுப் போட்டு, எங்கள் பள்ளிக்கூடம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் போய்விட்டது. வாத்தியாரோ பள்ளிக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தவர். கதவைத் திறந்து, யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டால் போதும். வரிசையில் பொய் சொல்ல எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

என் சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவனுடைய அப்பா பக்கத்துத் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்தார். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிரை வழித்து எடுக்கிற வேலை. பாய் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். அவருடைய விரல் நகங்கள் சுண்ணாம்பு அரித்து எப்போதும் வெளுத்துக் கிடக்கும். மகனைப் பள்ளியில் சேர்க்க வந்த அன்று, எல்லா அப்பாக்களும் சொல்கிற அதே வார்த்தையை அவரும் சொன்னார்.

“கண்ணை மட்டும் வுட்டுடுங்க வாத்தியாரே. மீதி தோலை உரிச்சிடுங்க.”

சொல்லிவிட்டுத் தன் தொழிலை நினைத்தோ என்னவோ, தானே சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவன் மட்டும் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் சட்டம் தெரியாமல் நிதானமாக எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான். அன்றைக்கு வாங்கினது அவனுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. பாதியிலேயே கால்சட்டை நனைந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அவன்தான் முதல். நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அவன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும், “இன்னாடா, நீ ரெண்டா?” என்பான். அதில் கிண்டல் கொஞ்சம், பெருமை கொஞ்சம். ஆனால் அது எல்லாமே பயம்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பாய்க்கு மகனை நினைத்துத் தலைகால் புரியாது. கடைத்தெருவில் நின்று, “நம்ம புள்ள தினிக்கும் மொதல். வாத்தியாரு ஒரு அடி அடிச்சதில்ல,” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவன் வீடு ஆற்றோரத்தில். ரோட்டு வழியாக வந்தால் சுற்று ஜாஸ்தி. தோல் கொட்டகைக்குள் புகுந்து சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே இருந்த வரப்பில் நடந்து வந்தால் பாதித் தூரம் மிச்சம். தொட்டிகள் தரையோடு தரையாக இருக்கும், தடுப்பு ஒன்றும் கிடையாது. பகலில் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் அது ஆபத்தாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று என் அம்மா சொல்லியிருந்தாள். அதனால் நான் ரோட்டுக்காரன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் விடிய விடிய மழை. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி யாரும் சரியாகத் தூங்கவில்லை. மழை விட்டதும், இனிப் படுத்து என்ன ஆகப்போகிறது என்று நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரோரம் காலியாக இருந்தது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவன் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

விடிந்து வாத்தியார் வந்தார். நான் கையை நீட்டினேன். பிரம்பு உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் பொய் என்று சொல்ல முடியாது. பிரம்பு நுனி ஈரமாக, சில்லென்று இருந்தது. பிறகு மற்றவர்களுடைய அடிகள் வரிசையாக விழுந்தன. எல்லாரும் வந்தாயிற்று, அவனைக் காணோம்.

“இன்னிக்குத் துரைதான் கடைசி. வரட்டும்,” என்றார் வாத்தியார். பிரம்பைத் துடைத்து மேஜைமேல் தயாராக வைத்தார். வகுப்பு சிரித்தது. கடைசி அடி வேறு ஒருவனுக்கு என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பாடம் தொடங்குவதற்குள் தோல் கொட்டகை ஆள் ஒருவர் ஓடி வந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்க வெள்ளை.

“பாய் புள்ள சுண்ணாம்புத் தொட்டில உழுந்துட்டான் சார். கண்ணு போச்சு சார்.”

எல்லாரும் ஓடினோம். மழையில் வரப்பு வழுக்கியிருக்கிறது. வழித்துப் போட்ட மயிரும் சதையும் அதில் சேறாகக் கிடந்தன. தொட்டி அவன் நெஞ்சளவுதான். ஆனால் தலைகுப்புற விழுந்திருக்கிறான். முழுகி எழுந்து கண்ணைத் திறந்திருக்கிறான். எரிச்சலில் கத்திக்கொண்டே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறான். மழை இரைச்சலுக்குப் பழகிய காவல்காரருக்கு அந்தக் கத்தல் காதில் விழக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது.

நாங்கள் போனபோது கிணற்றடியில் அவனைப் பிடித்து உட்காரவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் விடு என்று ஒருவர், கூடாது என்று ஒருவர். பாய் மகனுடைய இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவன் உதடெல்லாம் வெந்திருந்தது. கண்ணைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலைத் தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பினான்.

“டேய், இப்ப ஓடிப் போனா நான் எத்தினாவதுடா?”

அங்கே நின்ற பெரியவர்கள் யாருக்கும் அவன் கேட்டது புரியவில்லை. ஏதோ பிதற்றுகிறான் என்று நினைத்தார்கள். பக்கத்தில் நின்றவர்களில் புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த வாத்தியார்.

“நீதான்டா மொதல்,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.

வண்டி கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றி, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சட்டத்தைப் பற்றி அதன்பிறகு வாத்தியார் வாயே திறக்கவில்லை. பிரம்பை ஓட்டு இடுக்கில் செருகிவிட்டார். சட்டத்தை எடுத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதனால் நாங்கள் இருட்டில் போவதை நிறுத்தவில்லை. வரிசை தவறாமல் உட்கார்ந்தோம். அவர் வந்ததும் கையை நீட்டினோம். அவர் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார். நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் நிற்போம். கடைசியில் எங்கள் அம்மாக்கள்தான் விடிவதற்கு முன்னால் கதவைத் திறக்கமாட்டோம் என்று தாழ்ப்பாள் போட்டார்கள்.

தை பிறந்த சமயம் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரியும், அவ்வளவுதான். நானும் அம்மாவும் பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் இருக்கும்போதே வாத்தியார் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார். வகுப்பில் கணீரென்று பேசுகிறவர், அன்று நாலு வார்த்தை பேசுவதற்குத் திணறிப்போனார்.

“பாய், நான் ஒரு நாளும் இவன்மேல கை வச்சதில்ல. அந்த மொதல் நாளத் தவிர. உங்க புள்ளைய நான் அடிக்கவே இல்ல பாய்.”

அது சத்தியமான வார்த்தை. அந்த முதல் நாளைத் தவிர்த்தால் பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்காத பையன் அவன் ஒருவன்தான்.

பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வாத்தியாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“தெரியும் வாத்தியாரே. அடிச்சிருந்தீங்கன்னா தேவலாம். தோலு ஆறிப்பூடும்.”

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அப்பாவின் மடியில் சாய்ந்து, வாத்தியாரின் காலடிச் சத்தம் தெரு முனை வரைக்கும் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்னால் அவன் பெரியவனாகி அதே தோல் மண்டியில் கயிறு முறுக்குகிற வேலைக்குச் சேர்ந்தான். வருஷக்கணக்காக, மண்டிக் கதவு திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பான். ஏன் இப்படிச் சீக்கிரம் வந்து காத்துக் கிடக்கிறாய் என்று ஒரு தரம் கேட்டேன். “எனக்கு எப்பவும் இருட்டுதானடா, எப்ப வந்தா இன்னா,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

என் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அதே பழைய வார்த்தையைச் சொல்லித் தன் பிள்ளையை ஒப்படைத்தார். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முறை. “இவன் கொஞ்சம் லேட்டாக வந்தாலும் பரவாயில்லைங்க,” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிற ஆசாமி என்று நினைத்திருப்பார்.

நினைத்துக்கொள்ளட்டும். அடியே வாங்காமல் ஒரு பிள்ளை அடிபட்டுப்போக முடியும் என்பது அந்தக் கிணற்றடியில் எனக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் நான் இன்றுவரை மறக்காத பாடம் அது ஒன்றுதான்.